முதல் இலை

துப்பறியும் நாவல்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அதிலும், கொலை விசாரிக்கும் போலீஸ் அதிகாரியோடு உளவியல் படித்த பெண் ஒருத்தி ஜோடி சேர்ந்து சுற்றும் நாவல் என்றால் பற்றிக்கொண்டு வரும். அவள் கைதிக்கு எதிரே உட்காருவாள். அவன் இமை துடிப்பதைக் கவனிப்பாள், விரல் நடுங்குவதைக் கவனிப்பாள். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து உண்மையைப் புட்டுப் புட்டு வைப்பாள். நான் தலை நரைக்கும் அளவுக்கு இந்த வேலையில் இருந்துவிட்டேன். ஒருவர் முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்ததில் அதிகபட்சம், அவர் காலையில் சாப்பிடவில்லை என்பதுதான்.

அரசு மருத்துவமனையில் உளவியலாளர் என்பது என் பதவி. தூக்கம் வராதவர்கள், குடியை விட முடியாதவர்கள், பரீட்சைக்குப் பயந்து பேச்சு நின்றுபோன பிள்ளைகள், இவர்களோடுதான் என் பொழுது போகும். வாரத்தில் ஒரு நாள் கொல்லிமலைக்கு மேலே இருக்கும் ஆஸ்பத்திரியில் உட்காருவேன். இன்னொரு நாள் கீழே சிறைக்குப் போய்க் கைதிகளோடு பேசுவேன். நான் தெற்கத்திக்காரி, தட்டையான மண்ணில் பிறந்து வளர்ந்தவள். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வேன். கண்டக்டர் என்னைப் பார்த்தாலே ஜன்னலோர சீட்டைக் காலி செய்து கொடுப்பார். அன்பினால் அல்ல.

மிளகு பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் போன் செய்தார்.

“மேடம், நீங்க சைக்காலஜிஸ்ட்தானுங்களே? ஒரு மர்டர் கேஸுங்க. ஆளு ஒத்துக்கிட்டான். ஆனா நீங்க ஒருக்கா வந்து பாத்தா நல்லாருக்கும்.”

ஒத்துக்கொண்ட ஆளை நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். “அதுதானுங்க மேடம் எனக்கும் புரியல. வாங்க, பேசிக்கலாம்” என்றார்.

போனால், அவர் மேஜையில் கோப்புகளுக்கு நடுவே அட்டை கிழிந்த நாவல் ஒன்று கிடந்தது. பாதியில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தார். பெரிய மீசை, பெரிய உருவம், அதற்குச் சற்றும் பொருந்தாத வெட்கம். “இதுல ஒரு சைக்காலஜிஸ்ட் வருதுங்க மேடம். டிடெக்டிவ் தெணறிக்கிட்டு இருப்பாரு. அந்தம்மா வந்து அஞ்சு நிமிஷம் பேசும், அவ்வளவுதான்” என்றார்.

“அந்தம்மாவுக்கு எழுதினவரே விடையைச் சொல்லிக் கொடுத்திருப்பார் சார்” என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதும் அதற்குப் பின் ஒன்றிரண்டு முறையும்தான்.

வழக்கு இதுதான். மலைமேல் தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகள். ஒன்றில் ஒத்துக்கொண்ட இவர், நாற்பது தாண்டியவர், மரவள்ளியும் மிளகும் வைத்திருக்கிறார். அடுத்த வீட்டில் இவர் மனைவியின் தம்பி, அதாவது மச்சினன். இரண்டு காட்டுக்கும் நடுவே வேலியோரமாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. அந்த மிளகு யாருக்கு என்று சண்டை. ஊரே கேட்கச் சத்தம் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலை அந்த மரங்களில் ஒன்றின் அடியில் மச்சினன் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். ஊர் வழக்கப்படி அன்றே அடக்கம் செய்துவிட்டார்கள். இறந்தவருடைய மனைவியின் அண்ணன் அடிவாரத்தில் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சண்டை விஷயம் காதுக்கு எட்டியதும் நேராகப் போலீசுக்குப் போய்விட்டார். புதைத்ததைத் தோண்டிப் பார்த்த டாக்டர், காயம் விழுந்ததாலும் வந்திருக்கலாம், அடித்ததாலும் வந்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். போலீஸ் ஜீப் ஊருக்குள் போய் நின்றதும், யாரும் கேட்பதற்கு முன்னால் இவரே எழுந்து வந்தாராம்.

“நான்தாங்க கொன்னுபோட்டேன்னு சொன்னான். சரி, எப்படி கொன்னேன்னு கேட்டேன். நான்தாங்கன்னான். எதுல அடிச்சே? நான்தாங்க. என்ன நேரம்? நான்தாங்க. அடிச்சுக் கேட்டா பொய் சொல்ற ஆளுகளப் பாத்திருக்கேன் மேடம். அடிக்காமயே ஒத்துக்கிட்டு, அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத ஆள இப்பத்தான் பாக்கறேன்.” இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பக்கத்து அறையில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். ஒல்லியான மனிதர், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார். பெயர், கிழமை, முதலமைச்சர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். கழித்தலில் என்னைவிட வேகம். குரல் கேட்கிறதா, யாராவது பின்னாலிருந்து ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டதற்கு, “ஏனுங்கம்மா, பின்னால செவுருதானுங்களே இருக்குது” என்று திரும்பிப் பார்த்தார். பைத்தியம் இல்லை, பயம் இல்லை, மிரட்டப்பட்டதற்கான அடையாளமும் இல்லை. மச்சினனைப் பற்றிப் பேசினால் மட்டும் கண் நிறைந்தது. நான்தாங்க என்று மறுபடி சொன்னார். அதில் குற்றவுணர்ச்சி இருந்தது, சந்தேகமே இல்லை. அதோடு ஒரு விதமான நிம்மதியும் இருந்தது. எதற்கோ காத்திருப்பவர் போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, “சோறு எப்பங்கம்மா?” என்று கேட்டார்.

பாவம் பசிக்கிறது என்று நினைத்து இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்தது. அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது யாருங்க ஆக்குனது?” என்றார். ஓட்டல்காரர் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நாவலில் வரும் பெண்ணாக இருந்தால் அந்த இடத்திலேயே புருவத்தைத் தூக்கியிருப்பாள்.

மனம் தெளிவாக இருக்கிறது, சொல்வது புரிந்துதான் சொல்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மைதான்.

போலீசிடம் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால்தான் செல்லும். அதனால் அவரை அங்கே கூட்டிப் போனார்கள். இன்ஸ்பெக்டருக்கு அதில் ஒரு நம்பிக்கை இருந்தது. போலீசெல்லாம் வெளியே போன பிறகு, தனியாக ஒரு நீதிபதி அம்மா கேட்கும்போது ஆள் மனம் விட்டுப் பேசிவிடுவான் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்காகத்தானே சட்டத்தில் அத்தனை பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகத்தான் நிற்கும், யாராவது சொல்லித் தந்தார்களா, போய் யோசித்துவிட்டு வா என்று கேட்டுக் கேட்டு அனுப்புவார்கள். அந்த அம்மையாரும் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார். யோசிக்க அவகாசம் கொடுத்து மறுபடி கூப்பிட்டும் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இவர் முன்னைவிட உறுதியாக, நான்தாங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கடைசியில் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தும் கும்பிட்டாராம். அங்கிருந்து சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் மலைமேல் ஆஸ்பத்திரியில் என் அறைக்கு வெளியே ஒரு பெண் காத்திருந்தார். சிறையில் இருப்பவரின் மனைவி. தூக்கம் வரவில்லை என்று சீட்டு வாங்கியிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“நீங்கதானுங்களே எங்க ஊட்டுக்காரரப் பாத்தது? எப்பங்க அனுப்புவாங்க?”

கொலைக்குற்றம், ஒத்துக்கொண்டிருக்கிறார், லேசில் வெளியே வர முடியாது என்று மெல்லச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பது போல ஒரு பொறுமை இருந்தது.

“ஒத்துக்கிட்டாரல்லங்க? அப்பறம் எதுக்குங்க வச்சிருக்காங்க?”

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர்கள் ஊரில் ஒரு சாவு, ஒரு தீ, ஒரு பெரிய நஷ்டம் என்று வந்து அது இரண்டு வீட்டுக்கு நடுவே பகையாக நிற்குமானால், ஊர் கூடும். யாராவது ஒருவர் பழியை ஏற்க வேண்டும். ஊர்ப் பெரியவர் மூன்று முறை கேட்பார். யாராவது சொல்லிக் கொடுத்தார்களா, யோசித்துச் சொல், உன் தலைமேல் நிற்கும் என்பார். மூன்று முறையும் நான்தான் என்று சொல்ல வேண்டும். காரணம் மட்டும் சொல்லக் கூடாது. காரணம் சொன்னால் அது ஏற்றதாகாது, வழக்காடினதாகிவிடும். சொல்லிவிட்டு விழுந்து கும்பிட வேண்டும். பிறகு பாதிக்கப்பட்ட வீட்டுப் பெண் சோறாக்குவாள். பழி ஏற்றவருக்குத்தான் முதல் இலை. அவர் ஒரு வாய் வைத்த பிறகு இரண்டு வீடும் சேர்ந்து உண்ணும். அதோடு சரி, அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அந்தச் சோறு உண்ணும் வரை இரண்டு வீட்டுக்கும் நடுவே தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை, பேச்சும் இல்லை.

அடக்கம் முடிந்த அன்றே ஊர் கூடியிருக்கிறது. இவர் எழுந்து மூன்று முறை சொல்லி விழுந்து கும்பிட்டிருக்கிறார். சோறாக்க நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

“சரிம்மா, அவர் என்னதான் செய்தார்?” என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

“மிளகு ஏணி தெரியுமுங்களா? ஒத்த மூங்கிலுங்க. கணுவுல கால வச்சு ஏறணும். கீழ ஒரு ஆளு புடிச்சாத்தான் நிக்கும். எந்தம்பி ஏறுனா இவருதான் புடிப்பாரு. இவரு ஏறுனா அவன். கண்ணாலமான நாள்ல இருந்து அப்படித்தானுங்க. அன்னிக்குச் சண்டையில, இனிமே உன் ஏணியத் தொட்டா நான் மனுசனில்லன்னு இவரு சொல்லிப்போட்டாரு. அவன் விடியக்காத்தால தனியாப் போயி ஏறியிருக்கான்.” அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “இவரு புடிக்கலீங்க. அதுதானுங்க.”

என் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் போட்டேன். எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஏணியைப் பிடிக்காததற்காக ஒரு மனிதர் கொலையை ஒத்துக்கொண்டு ஜெயிலில் சோற்றுக்குக் காத்திருக்கிறார். அவரைக் காப்பாற்றுவதற்காக மாஜிஸ்திரேட் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவருக்கு ஊர்ப் பெரியவரின் கேள்வியாகவே கேட்டிருக்கிறது. கேட்கக் கேட்க அவர் இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். தடுமாறினால் அவமானம் அல்லவா?

கீழே இறங்கும்போது மிட்டாய் நினைவே வரவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் மேஜையில் ஓங்கி ஒரு குத்து. “நெனச்சேன் மேடம், நெனச்சேன்!” மறுநாளே மலைக்குப் போனார். எனக்கும் ஒரு நப்பாசை வந்தது. நாவல்களை இத்தனை திட்டிவிட்டோமே, ஒருவேளை அவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்றுகூட நினைத்தேன். போலீசும் உளவியலும் சேர்ந்து ஒரு நல்ல மனிதரை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம்.

அவர் திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. ஏணி இல்லை. ஆளைத் தள்ளிய ஏணி ஊருக்குள் இருக்கக் கூடாதென்று வெட்டிக் குழியின் தலைமாட்டிலேயே எரித்துவிட்டார்கள். விழுந்ததைப் பார்த்த ஆள் யாரும் இல்லை. ஊரில் ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார், அவர்தான் கொன்றாரா என்று. ஒருவர் விடாமல், “ஆமாங்க, ஊரு முன்னால அவரே ஏத்துக்கிட்டாருங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. ஏற்றதை ஏற்கவில்லை என்று சொல்வது அவருக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறார்கள்.

“ஒரு கன்பெஷன் கெடைக்கறதே கஷ்டமுங்க. இங்க ஊரு பூராவும் சாட்சி சொல்லுது” என்றார் இன்ஸ்பெக்டர். மேலதிகாரியிடம் போய்ச் சந்தேகத்தைச் சொன்னார். தானாக முடிந்த கேஸைத் தோண்டாதே, குற்றப்பத்திரிகையைப் போடு என்று பதில் வந்தது. ஏணியைப் பற்றியும் சோற்றைப் பற்றியும் நான் எழுதிக் கொடுத்ததைக் கோப்பில் சேர்த்தார்கள். மனத்தெளிவோடு சொன்னார் என்று முதலில் எழுதியது அதற்கு மேலேயே இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அவரே மறுக்க வேண்டும். சிறைக்குப் போகும் நாளில் அவரை என் முன் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இது உங்கள் ஊர்க் கூட்டம் இல்லை, இங்கே ஏற்றுக்கொண்டால் சோறு போட மாட்டார்கள், ஆயுள் தண்டனைதான் கொடுப்பார்கள் என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். இலவச வக்கீல் இருக்கிறார், நடந்ததைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவருக்குப் புரிந்துவிட்டது என்பது தெரிந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“இது வேறன்னு எனக்குத் தெரியாதுங்கம்மா. அந்த ஜட்ஜம்மா கேட்டதப் பாத்து, நம்ம வழக்கந்தான் இங்கயும்னு நெனச்சுக்கிட்டேன்.”

“இப்போது தெரிந்துவிட்டதல்லவா? மாற்றிச் சொல்லுங்கள்.”

“அது ஆகாதுங்க. ஏத்ததத் திருப்பிப் போட்டா, அது போயி ஊட்டுல நிக்கும். எம் பொண்டாட்டி தலையில நிக்கும். மிளகு எங்களுதுன்னு மொதல்ல வாயெடுத்தது அவதானுங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அதுவுமில்லாம, நான் புடிக்கலைங்கறது நெசந்தானுங்களே” என்றார்.

படித்த படிப்பில் ஒரு வரிகூட உதவவில்லை. அவர் எழுந்து, “வாரேனுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பின் ஒவ்வொரு வாரமும் மலைமேல் ஆஸ்பத்திரிக்கு அவர் மனைவி வந்தார். ஒரு முறை இறந்தவரின் மனைவியும் வந்தார். நேற்று வரை ஒரே உரலில் இடித்தவர்கள். இவர் பெஞ்சின் இந்த முனையில், அவர் அந்த முனையில். நேராகப் பேசிக்கொள்ளவில்லை. கைம்பெண்ணாகிவிட்ட அந்தச் சின்னப் பெண் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“ஒரே ஒரு வேளைக்கு மட்டும் அவரக் கூட்டியாங்கம்மா. எங்க ஊட்டுல ஒரு வாய் உண்டுபோட்டு வரட்டும். அப்பறம் நீங்களே வச்சுக்குங்க. நங்கையா, எங்க ஊட்டுக்காரரோட அக்கா, அவியகூடப் பேசி எத்தன நாளாச்சு. என் ஊட்டுலயும் ஆளில்ல, அவிய ஊட்டுலயும் ஆளில்ல.”

முடியாது என்றேன். அப்படியானால் சோற்றைக் கொண்டு வருகிறோம் என்றார். வெளிச்சோறு உள்ளே போகாது என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

ஆனாலும் வந்தார்கள். நான் சிறைக்குப் போகும் கிழமையைத் தெரிந்துவைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கியிருக்கிறார்கள். அன்று கைதிகளைப் பார்க்க மனு வாங்கும் நாள் இல்லை. சிறைக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் தகரக் கூரைக்கு அடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே துணி கட்டிய தூக்குப்போசி. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் என்றார் சின்னவர். முதல் இலைக்கு என்று ஒரு பங்கைத் தனியாக வாழையிலையில் பொட்டலமாகக் கட்டியிருந்தார். நான் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். சீருடையில்லாமல், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார்.

“குடுங்க, நான் குடுத்து உடறேன்” என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். வாசலில் அவர் பேசிய குரலை நான் அதுவரை கேட்டதில்லை. மீசை வைத்த மனிதர் கெஞ்சினார். காவலர் நல்ல மனிதர்தான். “சார், ரூல்ஸ் தெரிஞ்ச நீங்களே இப்படிக் கேட்டா நான் என்ன சார் பண்றது? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எம் வேல போயிரும்” என்றார். அதில் தவறு சொல்ல என்ன இருக்கிறது? பொட்டலம் சோதனை மேஜைமேல் என் கைப்பைக்கும் செல்போனுக்கும் பக்கத்தில் கிடந்தது. நான் வெறுங்கையோடு உள்ளே போனேன்.

அவரிடம் சொன்னேன். வெளியே இருவரும் வந்திருக்கிறார்கள், சோறு கொண்டுவந்திருக்கிறார்கள், வாசலில் காவலர்கள் விட மாட்டேன் என்கிறார்கள்.

“யாரு ஆக்குனது?” என்றார்.

“உங்கள் மச்சினன் மனைவி.”

கையெடுத்துக் கும்பிட்டார். எந்தப் பக்கம் கும்பிடுவதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். மதியச் சாப்பாட்டு நேரம்தான். தட்டை வாங்கிக்கொண்டு வந்து, வாசல் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். மெல்ல முடியாமல் விழுங்கினார்.

“போயிச் சொல்லுங்கம்மா. உண்டுட்டாருன்னு சொல்லுங்க. அவங்க பேசிக்கட்டும். நான் இங்கயே இருந்துக்கறேன்.”

நான் வெளியே வந்தேன். இன்ஸ்பெக்டர் அதற்குள் பொட்டலத்தை மேஜையிலிருந்து எடுத்துத் தன் தோள்பைக்குள் மறைத்துவிட்டிருந்தார். நான் ரோட்டைத் தாண்டுவதற்குள் அவரே முந்திக்கொண்டார். “உண்டுட்டாருங்க. எல்லாஞ் சரியாப் போச்சு. நீங்க உண்ணுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல” என்றார். உண்மையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் மனிதர், பொய்யை எவ்வளவு அழகாகச் சொன்னார். நான் அவரை அந்த ஒரு நிமிடம் மனதார மதித்தேன்.

நாத்தனாரின் கை தூக்குப்போசியின் கட்டை அவிழ்க்கப் போனது. சின்னவர் அதைத் தடுத்தார். இன்ஸ்பெக்டரை அவர் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, எங்க சோத்தையா உண்டாரு?”

தலையை ஆட்டினால் போதும். ஒரே ஒரு தலையாட்டல். அதில் யாருக்கும் நஷ்டமில்லை, இரண்டு வீட்டுக்கும் நெருப்பும் தண்ணீரும் திரும்பிவிடும். ஆட்டத்தான் நினைத்தேன். ஆனால் அதற்கு முன்பே என் முகத்தில் என்னென்ன ஓடியதோ, அந்தப் பெண் அதையெல்லாம் பார்த்துவிட்டார். இமை துடித்ததோ, உதடு துடித்ததோ. முகத்தைப் படிக்கும் அந்த வித்தையை நாவல்களில் என் மாதிரி ஆட்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

“இல்லீங்க” என்றார் அவராகவே. கோபமில்லை. தளர்ந்த முடிச்சை இறுக்கிக் கட்டினார். “அப்ப ஆகலீங்க.”

நாத்தனார் தன் பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். பஸ் வந்ததும் ஒருவர் முன்வாசலிலும் ஒருவர் பின்வாசலிலும் ஏறினார்கள். சின்னவர் மடியில் தூக்குப்போசி அப்படியே இருந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. அவர் இன்னும் உள்ளே இருக்கிறார்.

பஸ் போன பிறகு நாங்கள் இருவரும் தகரக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தோம். இன்ஸ்பெக்டர் பைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். இலை வாடியிருந்தது, கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

“இத என்னங்க மேடம் பண்றது?” என்று கேட்டார்.